பள்ளத்தார் பார்த்த மேடு

என் வேலை படங்களைத் திருப்புவது. வெளியே யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவர்கள் ஏதோ ஃபோட்டோ கடை என்று நினைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்கள். எனக்கும் அது சௌகரியம்தான். புதன் கிரகத்தைச் சுற்றுகிற எங்கள் விண்கலம் அனுப்பும் படங்கள் முதலில் என் மேஜைக்கு வரும். ஒவ்வொன்றிலும் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று கலம் இருந்த நிலையை வைத்துக் கணக்குப் பார்த்து, வெயில் மேல்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்த பிறகுதான் அடுத்த அறைக்குப் போகும்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கக்கூடாது. நம் கண்ணுக்கு வெளிச்சம் மேலிருந்து விழுந்தே பழக்கம். படத்தைத் தலைகீழாக வைத்தால் பள்ளம் மேடாகத் தெரியும், மேடு பள்ளமாகத் தெரியும். நிமிர்த்தி வைத்த கிண்ணமா, கவிழ்த்து வைத்த கிண்ணமா என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர் முதல் வாரமே "மலை கண்டுபிடிச்சுட்டேன்" என்று ஓடி வந்து அசடு வழிந்திருக்கிறார்கள்.

அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பவர் என் கணவர். வானத்திலிருந்து கல் விழுந்து உண்டான பள்ளங்களை எண்ணுவது அவர் வேலை. பள்ளம் நிறைய இருந்தால் தரை பழசு, குறைவாக இருந்தால் தரை புதுசு. இவ்வளவுதான் விஷயம், மிச்சமெல்லாம் பொறுமை. ஆபீசில் அவருக்குப் பள்ளத்தார் என்று பெயர். படத்தை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அவருக்குப் பள்ளம் பள்ளமாகத்தான் தெரியும். நீங்கள் தலைகீழாக நின்றாலும் அவரை ஏமாற்ற முடியாது. பந்தயம் கட்டியவர்கள் எல்லாரும் தோற்றுக் காபி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு கண் தொழிலுக்கு நல்லது. குடும்பத்துக்கு நல்லதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

கலத்தில் எரிபொருள் தீரப்போகிறது என்று தெரிந்த மாதம் அது. தீர்ந்தால் கலம் புதனில் விழுந்து நொறுங்கும், அதற்கு யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் விழுவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை, தரையை உரசுகிற மாதிரித் தாழ்வாகப் பறந்து படமெடுக்கலாம் என்று எரிபொருள் கணக்குப் பார்க்கும் பொறியாளர் சொன்னார். எந்த இடத்துக்கு மேலே என்பதை வியாழக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். இடம் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒன்று என் கணவர். இன்னொன்று நான்.

அவர் கேட்டது ஒரு பெரிய பள்ளத்தின் உள்தரையை. அவர் ஒன்பது வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கும் தரை அது. பெரிய பள்ளங்களையெல்லாம் எண்ணி முடித்துவிட்டார். பொடிப் பள்ளங்கள் இதுவரை வந்த எந்தப் படத்திலும் தெரியவில்லை. அவற்றையும் எண்ணினால்தான் அந்தத் தரையின் வயதை அடித்துச் சொல்ல முடியும். பக்கத்தில் போய் ஒரு படம் எடுத்தால் போதும், ஒன்பது வருஷ வேலை முடிந்துவிடும்.

நான் கேட்டது என் மேடுகளை. இத்தனை வருஷத்தில் நான் எதையும் கண்டுபிடித்ததில்லை. திருப்பி வைப்பேன், அனுப்புவேன். அந்த மாதம் வந்த ஒரு படத்தில், வெறிச்சென்று கிடந்த சமவெளியில், வரிசையாக ஆறு மேடுகள் எழும்பி நின்றன. வலது ஓரத்தில் கடைசி இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த மாதிரி இடத்தில் மேடு என்றால் உள்ளேயிருந்து நெருப்புக் குழம்பு பொங்கி எழுந்து உறைந்தது என்று அர்த்தம். காபி ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் படம் எடுத்த நாள். ஒரே பக்கம் வெந்துபோகாமல் இருக்கக் கலம் அவ்வப்போது முதுகைத் திருப்பிக்கொள்ளும். திருப்பிக்கொண்ட பிறகு வருகிற படங்கள் எல்லாம் தலைகீழாக வரும், நான் நிமிர்த்தி வைப்பேன். இந்தப் படம் கலம் முதுகைத் திருப்பிய அதே நாளில் எடுத்தது. அன்றைக்குக் கலத்துக் கடிகாரம் நின்று மறுபடி ஓடியதால், படம் கலம் முதுகைத் திருப்புவதற்கு முன்னால் எடுத்ததா பின்னால் எடுத்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பின்னால்தான் என்று நான் முடிவு செய்து நிமிர்த்தி வைத்தேன். மேடுகள் வந்தன.

அன்று சாயங்காலம் சமையலறையில் வைத்து அவரிடம் காட்டினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"பள்ளம்" என்றார்.

"நல்லாப் பாருங்க."

"நல்லாப் பார்த்தாலும் பள்ளம்தான். நீ திருப்பி வெச்சிருக்கே."

"திருப்பி வெக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"இதை ஒரு தடவை கூடுதலாத் திருப்பிட்டே. அது நேராத்தான் வந்திருக்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சமைத்ததில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லியிருக்கிறார், கோபம் வந்ததில்லை. "நீங்க எதைத்தான் பள்ளம் இல்லேன்னு சொல்லியிருக்கீங்க? கல்யாண ஆல்பத்தைக் காட்டினாக்கூட என் கன்னத்துக் குழியைத்தானே முதல்ல எண்ணுவீங்க!" என்றேன். அவர் சிரித்தார். அதில் எனக்கு இன்னும் எரிந்தது.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தார். என் கணவருக்கு அக்கா, பல் டாக்டர். கீழ் வாசலில்தான் அவருடைய கிளினிக். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுப் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"எனக்கு இது சொத்தைப் பல்லு மாதிரிதான் தெரியுது" என்றார்.

"அண்ணி, நீங்களுமா?"

"நான் என்னம்மா பண்றது, நாள் முழுக்க அதைத்தானே பார்க்கிறேன். ஆனா ஒண்ணு. எங்க எக்ஸ்ரே ஃபிலிம்ல மூலையில சின்னதா ஒரு புள்ளி இருக்கும். அது எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்துத்தான் இடது பல்லா வலது பல்லான்னு சொல்வோம். இல்லேன்னா நல்ல பல்லைப் பிடுங்கிடுவோம். உங்க படத்துல அப்படி ஒரு புள்ளி இல்லையா?"

இல்லை. எங்களுக்குத் தெரிந்து அந்த இடத்துக்கு வேறு படமே கிடையாது. கலம் போகிற பாதையின் ஓரத்தில் இருக்கிற, யாரும் சீண்டாத மூலை அது. நாத்தனார் தோளைக் குலுக்கிவிட்டு, தம்பி நறுக்கிய வெங்காயத்தில் பாதியை வழித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நான்கைந்து நாள் வீட்டில் மேடு பள்ளத்தைத் தவிர வேறு பேச்சில்லை. பேசாத நேரத்தில் அதைப் பற்றியே பேசாமல் இருந்தோம். படத்தைப் பெரிதாக அச்செடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். "இந்த ஓரத்துல ரெட்டையைப் பாருங்க, எவ்வளவு உருண்டையா எழும்பியிருக்கு!" என்று காட்டினேன். பாவம், அவரும் கண்ணைச் சுருக்கினார், விரித்தார், தலையைச் சாய்த்தார். "நிஜமாவே எனக்கு வரலைம்மா" என்றார். அவருக்கு வரவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் கண்ட அத்தனை அழகும் கைக்கெட்டும் தூரத்தில் அவர் முன்னாலேயே கிடக்கிறது, மனிதர் அதைக் குழி என்கிறார்.

வியாழக்கிழமை காலை. கூட்டம் மத்தியானம். நான் கைப்பையைக்கூட வைக்கவில்லை, எங்கள் தலைவர் கூப்பிட்டனுப்பினார். அவர் நல்ல மனிதர், எல்லாவற்றுக்கும் ஒரு முறை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பேசுவார்.

"உங்களுக்கு வேலை சுலபமாயிடுச்சு" என்றார் செருமிவிட்டு. "உங்க வீட்டுக்காரர் அவர் இடத்தை வாபஸ் வாங்கிட்டார். அவருக்கும் இப்போ மேடாத் தெரியுதாம். பள்ளத்தாரே மேடுன்னு சொல்லிட்டா அப்புறம் யார் மறுத்துப் பேசப்போறா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் நடைவழியில் ஓடினேன் என்றே சொல்லலாம். என் கணவர் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் டம்ளரோடு நின்றிருந்தார்.

"தெரிஞ்சுதா? எப்போ தெரிஞ்சுது?"

"காலையில" என்றார். கை காது மடலைத் தேடிப்போனது. "பல் தேய்ச்சுக்கிட்டு இருந்தேனா, அப்போ திடீர்னு..."

"படம் பாத்ரூம்லயா இருந்துச்சு?"

"மனசுல ஓட்டிப் பார்த்தேன்."

இந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது மடலைத் தேய்ப்பார். கல்யாணத்துக்கு முன்னால் "எனக்குப் பாட்டெல்லாம் நல்லா வரும்" என்று என்னிடம் சொன்னபோதும் இதே மடலைத்தான் தேய்த்தார். ஒன்பது வருஷ வேலையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, காது சிவக்க நிற்கிறார். அந்த இடத்தில் எனக்கு அன்பு வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். குழந்தை அழுகிறது, பொம்மையைக் கொடுத்துவிடலாம் என்பது போலல்லவா இருக்கிறது?

என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். புருஷன் விட்டுக்கொடுத்ததால் பெண்டாட்டிக்குக் கிடைத்தது என்று நாளைக்கு ஒருத்தரும் பேசக்கூடாது. மத்தியானத்துக்குள் எனக்கு ஒரு ஆதாரம் வேண்டும். நாத்தனார் சொன்ன அந்தப் புள்ளி வேண்டும்.

கழித்துப் போட்ட படங்களை ஒரு தனி இடத்தில் சேர்த்து வைத்திருப்போம். ஆடிப்போனவை, பாதியில் அறுந்தவை, வெளிச்சம் கொட்டி வெளுத்துப்போனவை. யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அங்கே போய் உட்கார்ந்தேன். கலம் புதனுக்குப் போய்ச் சேர்ந்த புதிதில் எங்கிருந்தோ தூரத்தில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. ஈரக் கையால் துடைத்த மாதிரி இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஆனால் மேல் விளிம்பில் எல்லாருக்கும் தெரிந்த பெரிய பள்ளம் ஒன்று பாதி தெரிந்தது. அது இருக்கிறபடியால் எது மேல், எது கீழ் என்பதில் சந்தேகமில்லை. கீழே, சமவெளியில், ஒரு வரிசை. ஆறு புள்ளி.

இரட்டை இடது ஓரத்தில் இருந்தது.

என் படத்தில் வலது ஓரம். அப்படியென்றால் என் படம் தலைகீழ். அது நேராகத்தான் வந்திருக்கிறது, நான்தான் ஒரு தடவை கூடுதலாகத் திருப்பிவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவர் சொன்ன அதே வார்த்தை.

பக்கத்துத் திரையில் என் படம் திறந்தே இருந்தது. அதைப் பார்த்தேன். மேடுகள் இல்லை. ஒவ்வொன்றும் உள்ளே விழுந்துவிட்டிருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், எழுந்து தூரப் போய் நின்று பார்த்தேன். ஆறு குழி, அவ்வளவுதான். அழுகை வந்தது. அழுதேன். கதவைச் சாத்தியிருந்ததால் யாருக்கும் தெரியாது.

அந்தப் படத்தை மூடிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் குப்பையை இனி யார் கிளறப்போகிறார்கள்? பள்ளத்தாரே மேடு என்று சொல்லியாகிவிட்டது. கலம் என் இடத்துக்கு மேலே பறக்கும், ஆறு குழியைப் படமெடுக்கும், எல்லாரும் ஐயோ பாவம் என்பார்கள். என்னை ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருடைய தரை அப்படியே வயது தெரியாமல் கிடக்கும். அது தெரிந்துகொண்டே அவருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட என்னால் ஆகாது.

கூட்டத்தில் தலைவர் தொண்டையைச் செருமுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். இரட்டையைக் காட்டினேன். "நான் திருப்பினது தப்பு. இது பள்ளம்" என்றேன்.

முதலில் வாயைத் திறந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்?

"இது ரொம்பக் கலங்கலான படம்" என்றார் என் கணவர். "இதை வெச்சு எல்லாம் முடிவு பண்ண முடியாது."

"வருஷக்கணக்காப் பள்ளம் எண்ணின இந்தக் கண்ணுக்கு ஆறு புள்ளி கலங்கலாத் தெரியுதாம்!" என்றேன். "எழுந்து கிட்ட வந்து பாருங்க. ரெட்டை எந்தப் பக்கம் இருக்கு?"

அவர் எழவில்லை. "இடது பக்கம்" என்றார் மெதுவாக.

"அப்போ மேடா, பள்ளமா?"

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். காது வரை போன கை பாதியில் நின்றது. "பள்ளம்" என்றார். எரிபொருள் பொறியாளர் சிரிப்பை அடக்கப் பேனாவைக் கீழே போட்டு மேஜைக்கு அடியில் குனிந்தார். இடம் என் கணவருக்கே என்று முடிவானது.

வீட்டுக்குப் பேருந்தில் திரும்பினோம்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"நீ திருப்பி வெச்ச படத்துலதான் நான் இத்தனை வருஷமாப் பேர் வாங்கிட்டு இருக்கேன். உனக்குன்னு ஒண்ணாவது இருக்கட்டுமேன்னு நினைச்சேன்."

"நான் இடமா கேட்டேன்? நான் பார்த்ததை நீங்களும் ஒரு தடவை பார்க்கணும்னு கேட்டேன். தெரியாமலே தெரியுதுன்னு சொன்னா அது என்ன பார்வை? இனிமே என்கிட்ட அப்படிச் சொல்லக்கூடாது. தெரிஞ்சா தெரியுது, தெரியலைன்னா தெரியலை."

"சரி" என்றார். கை மடியிலேயே இருந்தது.

கலம் தாழ்ந்து பறந்தது. படங்கள் வந்தன. நான் வெயிலை மேலே வைத்துத் திருப்பி அனுப்பினேன், அவர் பொடிப் பள்ளங்களை எண்ணினார். சில நாளில் கலம் விழுந்தது. திரையில் கலத்தின் சமிக்ஞையாக வந்துகொண்டிருந்த கோடு வருவது நின்றது, அவ்வளவுதான். அவருடைய தரை அவர் நினைத்ததைவிட இளசு என்று தெரிந்தது. அதற்கு ஒரு கைதட்டல், ஒரு கேக். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

நான் குப்பையில் போட்டிருந்த அச்சுப் படத்தை அவர் எடுத்து நீவி, நான் வைத்த மாதிரியே தலைகீழாக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். எதற்கு என்று கேட்டேன். "பழகிப் பார்க்கிறேன்" என்றார். தினமும் காலையில் பால் எடுக்கும்போது அதன் முன்னால் நிற்பார். கண்ணைச் சுருக்குவார், விரிப்பார். நாத்தனார் கிளினிக்குக் கிளம்பும்போது, "என்னடா, இன்னிக்காவது பல்லு முளைச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

"இன்னிக்கு?" என்று நானும் கேட்பேன்.

"பள்ளம்" என்பார். ஒரு நாள்கூட மாற்றிச் சொன்னதில்லை. கேட்டுக் கேட்டு எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது.

நேற்றுக் காலை நான் அடுப்படியில் இருந்தேன். ஏதோ விழுந்து உருளும் சத்தம். திரும்பினால், பால் தரையெல்லாம் ஓடுகிறது, பாத்திரம் மேஜைக் காலடியில் கிடக்கிறது. அவர் ஃபிரிட்ஜ் கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் அந்தரத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார், படத்தைத் தொட்டால் கலைந்துவிடும் என்பது போல.

"ஏய், இங்க வா! சீக்கிரம் வா! எழும்பிடுச்சு!"

"என்னது?"

"மேடு! ஆறும் எழும்பி நிக்குது. அந்த ரெட்டை இருக்கே, என்ன உருண்டை!" கை காதுப் பக்கமே போகவில்லை. பாலில் மிதித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எவ்வளவு அழகா இருக்கு. இதையா நீ பள்ளம்னு சொல்லி, எழுந்து நின்னு எனக்காக விட்டுக்கொடுத்தே?"

கிட்டே போய் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆறு குழி. இரட்டையும் குழிதான். எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு இனி எழப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"உனக்கும் தெரியுதுல்ல?" என்றார்.

"தெரியுதுங்க" என்றேன். "எவ்வளவு உருண்டையா இருக்கு!" என்று சொல்லிவிட்டு, அவர் என் முகத்தைப் பார்த்துவிடக்கூடாது என்று பால் துடைக்கக் குனிந்துகொண்டேன்.